இரசாயனப் பரீட்சைக்கு எதைத் திருப்பிப் படிப்பது?

தை மாதம் பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் வீடுகளில் இரண்டு கவலைகள் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. ஒன்று குளிர், மற்றொன்று பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. குளிருக்கு ரஜாய் இருக்கிறது. அந்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு, மடியில் இரசாயனப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கும் மகளைப் பார்த்துத் தந்தை கேட்கிறார்: "என்னம்மா படிக்கிறாய்?" "திருப்புதல், அப்பா." "எந்தப் பாடம்?" "எல்லாமுந்தான்."

இந்த "எல்லாமுந்தான்" என்ற விடையைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறோம். பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாட்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாடங்கள் ஐந்து. மொழிப் பாடமும் கணிதமும் பௌதிகமும் தத்தம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு இரசாயனத்துக்கு எஞ்சுவது எட்டு அல்லது ஒன்பது நாட்களே. எட்டு நாட்களில் எல்லாவற்றையும் திருப்பிப் படிக்க இயலாது. ஆகவே எதைப் படிப்பது, எதை விடுவது என்ற தேர்வு எப்படியும் நடந்தே தீரும். மாணவர் அறிந்து தேர்ந்தெடுக்காவிட்டால் காலம் தேர்ந்தெடுத்துவிடுகிறது. முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறவர் முதல் பாடத்தை ஐந்து முறையும் கடைசிப் பாடத்தை அரை முறையும் படித்திருப்பதை நாம் காணவில்லையா?

நம்மில் பலர் கலைப் பாடம் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள். இரசாயனப் புத்தகத்தைத் திறந்தாலே அறுகோணங்களும் அம்புக்குறிகளும் நம்மை மிரட்டுகின்றன. "நமக்கு என்ன தெரியும்? டியூஷன் வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் எதைத் திருப்பிப் படிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டுவது இரசாயன அறிவைவிடக் கணக்குப் பார்க்கும் பொறுமையே. அது நம்மிடம் உண்டு. மாதச் சம்பளத்தில் ஊருக்கு அனுப்புவது எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பழகிய குடும்பங்கள் அல்லவா நம்முடையவை?

முதலில் எல்லையை அறிய வேண்டும். தில்லியிலும் பிற மாநிலங்களிலும் உள்ள நம் குழந்தைகளில் பெரும்பாலோர் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். 1929-ல் இராஜபுதனத்துக்கென ஏற்பட்ட ஒரு வாரியம் 1952-ல் இப்பெயர் பெற்றது. 1962-ல் அது திருத்தியமைக்கப்பட்டபோது கூறப்பட்ட நோக்கங்களுள் ஒன்று, அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்கு உதவுவது என்பதாகும். அதாவது நம் போன்றோரை எண்ணியே அவ்வேற்பாடு நிகழ்ந்தது. தந்தை கௌஹாத்தியிலிருந்து போபாலுக்கு மாற்றலானாலும் பிள்ளையின் இரசாயனப் பாடம் மாறாது.

ஆனால் அதே பாடம் தமிழ்நாட்டில் வேறு. பம்பாய் மாநிலமாய் இருந்து பிரிந்த மகாராஷ்டிரத்தின் வாரியத்தில் இன்னும் வேறு. மதுரையிலுள்ள சித்தப்பா அன்போடு அஞ்சலில் அனுப்பும் தமிழ்நாட்டு வழிகாட்டி நூலில் உலோகவியலும் திண்ம நிலையும் பி-தொகுதித் தனிமங்களும் இருக்கும். பூனாவில் படிக்கும் அத்தை மகன் பலபடிகளையும் பசுமை வேதியியலையும் படிப்பான். மத்திய வாரியத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் இவை எவையும் இப்போது தனிப் பாடமாக இல்லை. 2022, 2023 ஆண்டுகளில் பாடச் சுமையைக் குறைத்தபோது திண்ம நிலை, புறப்பரப்பு வேதியியல், தனிமங்களைப் பிரித்தெடுத்தல், பி-தொகுதி, பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவற்றை நீக்கிவிட்டார்கள். பதினாறு பாடங்கள் பத்தாயின.

இதை அறியாமல் நம் வீட்டிலேயே ஒரு பிழை நேர்ந்தது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்த தடித்த வினாவிடைத் தொகுப்பு ஒன்றை வாங்கி வந்து, பெருமையுடன் பெண்ணின் மேசைமேல் வைத்தோம். அவள் மூன்று இரவுகள் கண்விழித்துக் கந்தக அமிலத் தயாரிப்பையும் நைலானையும் மனப்பாடம் செய்தாள். நான்காம் நாள் அவளுடைய தோழி வந்து, "இதெல்லாம் நமக்கு இல்லையே!" என்றாள். அரை விலை கொடுத்து மூன்று இரவுகளை இழந்தோம். எனவே, புத்தகம் எதுவாயினும், வாரியம் அந்த ஆண்டுக்கென வெளியிடும் பாடத்திட்டத்தை முதலில் தாளில் எடுத்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாத பக்கங்களைப் பென்சிலால் அடித்துவிட வேண்டும். இதைப் பெற்றோரே செய்யலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளின் பாடத்திட்டம் தனி. பி-தொகுதி அங்கே இன்னும் உண்டு. அத்தேர்வுகளை எழுதுகிறவர் அதை அறவே விட்டுவிடாமல், பள்ளிப் பரீட்சை முடிந்த மறுநாளுக்கு ஒத்திவைத்துக்கொள்ளலாம்.

எஞ்சிய பத்துப் பாடங்களுக்கும் வாரியமே மதிப்பெண்களைப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. எழுத்துப் பரீட்சைக்கு மொத்தம் 70. அதில் கரைசல்களுக்கு 7, மின்வேதியியலுக்கு 9, வினைவேகவியலுக்கு 7, டி, எஃப் தொகுதித் தனிமங்களுக்கு 7, அணைவுச் சேர்மங்களுக்கு 7. பிறகு கரிமப் பகுதி: ஹாலோ ஆல்கேன்களும் ஹாலோ அரீன்களும் 6, ஆல்கஹால், பீனால், ஈதர் 6, ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம் 8, அமீன்கள் 6, உயிர் மூலக்கூறுகள் 7.

இந்தப் பட்டியலைக் கண்டதும், "மின்வேதியியலுக்கு ஒன்பது, அதையே முதலில் படி" என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் நாம் தவறுகிறோம். ஒன்பதுக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மூன்றே மதிப்பெண். ஆனால் ஒரு பாடத்தில் பிள்ளை ஏற்கெனவே எட்டு வாங்கக்கூடியவளா, இரண்டு வாங்கக்கூடியவளா என்பதில் உள்ள வேறுபாடு ஆறு மதிப்பெண். பாடத்தின் கனத்தைக் காட்டிலும் பிள்ளையின் இருப்பையே முதலில் அறிய வேண்டும். அந்த இருப்பை வாரியம் சொல்லாது. பிள்ளையைக் கேட்டாலும் சரியாகத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். திறந்த புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும். தெருவில் எதிர்ப்படும் முகம் பழகிய முகமாக இருக்கிறது; பெயரைச் சொல்லென்றால் நாக்கு எழுவதில்லை. படித்த பாடமும் அப்படியே. கண்டுகொள்வது வேறு, நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறு. 2006-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலார் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்து, ஒரு பிரிவினரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தனர். மற்றொரு பிரிவினரைத் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் முந்தினார்கள். இன்னும் கவனிக்கத்தக்கது, தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம்.

ஆகவே திருப்புதலை வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளியில் நடக்கும் பிரீபோர்டு பரீட்சையின் திருத்திய விடைத்தாள் வீட்டில் இருந்தால் அதுவே போதும். இல்லையேல் வாரியம் வெளியிட்டுள்ள மாதிரி வினாத்தாள் ஒன்றை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம், கணிப்பான் இன்றி, எழுதச் செய்ய வேண்டும். அண்மை ஆண்டுகளின் தாளில் 33 வினாக்கள் இருக்கின்றன: ஒரு மதிப்பெண் வினாக்கள் 16, இரண்டு மதிப்பெண் 5, மூன்று மதிப்பெண் 7, பத்தியைப் படித்து விடையளிக்கும் நான்கு மதிப்பெண் வினாக்கள் 2, ஐந்து மதிப்பெண் 3. நூற்றெண்பது நிமிடத்துக்கு எழுபது மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம். மாதிரித் தாளுடன் விடைக் குறிப்பையும் வாரியமே தருகிறது. ஆதலால் திருத்துவதற்கும் நாம் இரசாயனம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டால் போதும். ஓர் ஆவணத்தை மூலத்தோடு ஒப்புநோக்கும் வேலைதான்.

திருத்திய பின்பே நம் கணக்கு தொடங்குகிறது. இழந்த மதிப்பெண் ஒவ்வொன்றையும் மூன்று குவியல்களாகப் பிரிக்க வேண்டும். முதற்குவியல், அடியோடு தெரியாதவை. இரண்டாவது, பாதி தெரிந்து பாதி வழியில் நின்றவை. மூன்றாவது, முழுவதும் தெரிந்தும் அவசரத்தாலோ வினாவைச் சரியாகப் படிக்காததாலோ போனவை. நம் வீட்டுப் பெண்ணின் பிரீபோர்டுத் தாளில் எழுபதுக்கு நாற்பத்தொன்று. போன இருபத்தொன்பதைப் பிரித்தபோது முதற்குவியலில் 11, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 6 விழுந்தன. பாடவாரியாகப் பார்த்தபோது எல்லோரும் வியப்படைந்தோம். "எனக்கு மின்வேதியியல் வரவே வராது" என்று ஆண்டு முழுவதும் அழுதவள் அதில் இழந்தது இரண்டே மதிப்பெண். "எனக்குப் பிடித்த பாடம்" என்று அடிக்கடி எடுத்துப் படித்த ஆல்டிஹைடு, கீட்டோன் பாடத்தில் எட்டுக்கு ஆறு போயிருந்தது. அச்சமும் விருப்பமும் தந்த தகவல் இரண்டும் பொய். தாள் மட்டுமே மெய் சொல்லிற்று.

முதலில் கைவைக்க வேண்டியது இரண்டாம் குவியலில். பாதி கட்டிய சுவரை முடிப்பது அஸ்திவாரம் தோண்டுவதைவிட எளிதன்றோ? ஓர் எடுத்துக்காட்டு சொல்வோம். 5.85 கிராம் சமையல் உப்பை ஒரு கிலோகிராம் தண்ணீரில் கரைத்தால் உறைநிலை எவ்வளவு தாழும் என்பது வினா. உப்பின் மூலக்கூற்று எடை 58.5, ஆகவே கரைந்தது 0.1 மோல். தண்ணீருக்குரிய மாறிலி 1.86. இரண்டையும் பெருக்கி 0.186 என்று எழுதிப் பாதி மாணவர்கள் நின்றுவிடுவார்கள். உப்பு தண்ணீரில் சோடியமாகவும் குளோரைடாகவும் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. ஒன்றாகப் போனது இரண்டாக நிற்கிறது. ஆதலால் விடை இருமடங்கு, 0.372 டிகிரி. இந்த இரண்டைத்தான் வான்ட் ஹாஃப் காரணி என்கிறார்கள். இதை மறந்த பிள்ளைக்குக் கரைசல் பாடம் முழுவதையும் திருப்பிப் படிக்கச் சொல்வது அநியாயம். "கரைபொருள் அயனியாகப் பிரிகிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் பழக்கமே அவளுக்குக் குறை. உப்பு, கால்சியம் குளோரைடு, குளுகோஸ் என்று மாற்றி மாற்றி ஆறு கணக்குகள் போட்டால் ஒரு மாலையில் அந்தக் குறை தீர்ந்துவிடும். உப்புக்கு இரண்டு, கால்சியம் குளோரைடுக்கு மூன்று, பிரியாத குளுகோசுக்கு ஒன்று.

கணக்கு வினாக்களில் மதிப்பெண் படிப்படியாகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் விடைக் குறிப்பைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சூத்திரத்துக்குக் கொஞ்சம், எண்களைப் பொருத்தியதற்குக் கொஞ்சம், விடைக்கும் அலகுக்கும் கொஞ்சம். வினைவேகவியலில் வேக மாறிலியின் அலகு, வினை எந்தப் படியைச் சேர்ந்தது என்பதற்கேற்ப மாறும். அலகை எழுதாமல் விட்டால் அதற்கென உள்ள மதிப்பெண் போயிற்று. முதற்படி வினையில் முக்கால் பங்கு முடிவதற்கு அரைவாழ்வைப் போல் இருமடங்கு காலம் ஆகும் என்பதைப் புரிந்துகொண்டவள் பெருங்கணக்குப் போடாமலே விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். பாதி போனது, மிஞ்சிய பாதியில் பாதி போனது, எஞ்சியது கால். நமக்கே புரிகிறது.

கரிமப் பகுதிக்கு வருவோம். நான்கு பாடங்களில் 26 மதிப்பெண். உயிர் மூலக்கூறுகளையும் சேர்த்தால் 33. மாணவர்கள் மிகுதியாக மனப்பாடத்தில் இறங்குவதும், மிகுதியாக இழப்பதும் இங்கேதான். சாண்ட்மேயர், கன்னிசாரோ, ரோசன்மண்ட், கேப்ரியல் என்று ஜெர்மானிய, இத்தாலியப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பெயரை வைத்துக்கொண்டு தெருவை அறிந்துவிட முடியாது. நடந்து பார்த்தால்தான் எந்தத் தெரு எங்கே சேர்கிறது என்று விளங்கும். பெயர்வினைகளைத் தனித்தனிச் சீட்டாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பெரிய தாளின் நடுவே ஓர் ஆல்கஹாலை எழுதி, அதிலிருந்து எங்கெங்கே போகலாம், எங்கிருந்து அதற்கு வரலாம் என்று வழிகளை வரைந்து பார்ப்பது நல்லது. அத்தாளைப் புத்தகம் பார்த்து வரையக் கூடாது. முதலில் நினைவிலிருந்து கறுப்பு மையில் வரைந்து, பிறகு புத்தகம் பார்த்து விட்டுப்போன வழிகளைச் சிவப்பு மையில் நிரப்ப வேண்டும். சிவப்பாக நிற்பவையே நாளைக்குத் திருப்பிப் படிக்க வேண்டியவை. மறுநாள் புதுத் தாள்.

இவ்வழிகளில் சில எல்லாப் பயணங்களுக்கும் தேவைப்படும் சந்திப்புகள். கார்பன் ஒன்றைக் கூட்ட வேண்டுமானால் ஹாலைடைச் சயனைடாக மாற்றுகிறோம். ஒன்றைக் குறைக்க வேண்டுமானால் அமைடைப் புரோமினுடனும் காரத்துடனும் வினைப்படுத்தி அமீனாக்குகிறோம். இது ஹாஃப்மன் வினை. அனிலீனிலிருந்து வளையத்தில் வேறெதையாவது அமர்த்த வேண்டுமானால் பூஜ்யத்திலிருந்து ஐந்து டிகிரிக்குள் அதை டயசோனியம் உப்பாக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இந்த மூன்று சந்திப்புகளும் கைவந்தால் "இதிலிருந்து அதைத் தயாரிக்க" என்ற வினாக்களில் பெரும்பகுதிக்கு வழி திறந்துவிடும். அடுத்து, இரண்டு பொருள்களை வேறுபடுத்திக் காட்டும் சோதனைகள். எத்தனால் அயோடோபார்ம் சோதனையில் மஞ்சள் வீழ்படிவு தரும், மெத்தனால் தராது. புரோபனால்டிஹைடு டாலன்ஸ் கரைசலில் வெள்ளிக் கண்ணாடி தரும், அசிட்டோன் தராது. முதனிலை அமீன் கார்பைலமீன் சோதனையில் மூக்கைப் பிடிக்கச் செய்யும் நாற்றம் தரும். இப்படிப்பட்டவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். எழுதுவதற்கு ஆகும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் இதைவிட இலாபமான பக்கம் வேறில்லை.

டி, எஃப் தொகுதிப் பாடத்தில் "காரணம் கூறுக" என்ற வினாக்களே சுற்றிச் சுற்றி வருகின்றன. துத்தநாகம் ஏன் இடைநிலைத் தனிமமாகக் கொள்ளப்படுவதில்லை? அதன் டி-ஆர்பிட்டால் முழுதும் நிரம்பியிருப்பதால். சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் ஏன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன? லாந்தனாய்டு குறுக்கத்தால். காரணங்கள் சிலவே; அவற்றைக் கோத்துச் சொல்லத் தெரிந்தால் போதும். அணைவுச் சேர்மங்களில் பெயரிடுவதற்கான விதிகள் இலக்கண விதிகளைப் போல் உறுதியானவை. புணர்ச்சி விதி படித்த நமக்கு அவை இன்பமாகவே தோன்றும். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர் என்ற முறையில் ஒன்றை ரசித்தோம். அணைவுச் சேர்மத்தில் அமோனியாவுக்கு வரும் பெயரில் ஆங்கில எழுத்து "எம்" இரண்டு. கரிமப் பாடத்து அமீனில் ஒன்றுதான். இந்த ஓர் எழுத்தில் தவறுகிறவர்கள் உண்டு. உயிர் மூலக்கூறுகள் பாடத்தில் கணக்கே இல்லை. முட்டை வேகும்போதும் பால் திரியும்போதும் புரதம் தன் இயல்பை இழப்பது போன்ற செய்திகள்தாம். கடைசிப் பாடம் என்ற ஒரே குற்றத்துக்காக இது படிக்கப்படாமல் கிடக்கிறது. ஏழு மதிப்பெண்ணை அப்படி விட்டுவிடலாமா?

இனிக் கடினமான பேச்சுக்கு வருகிறோம். எதை விடுவது? இதற்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை இல்லை. எழுபதுக்கு இருபதுக்குக் கீழே நிற்கும் மாணவருக்கும் அறுபதைத் தாண்டிய மாணவருக்கும் ஒரே திட்டத்தைக் கொடுப்பது, காய்ச்சல்காரனுக்கும் மல்யுத்தக்காரனுக்கும் ஒரே பத்தியம் சொல்வதைப் போன்றது. தேர்ச்சிக்கு எழுத்துப் பரீட்சையில் தனியாக நூற்றுக்கு முப்பத்துமூன்று வேண்டும். அதாவது எழுபதில் ஏறக்குறைய இருபத்துமூன்று. அந்த விளிம்பில் நிற்கும் மகன் பத்துப் பாடங்களையும் துரத்தக் கூடாது. கரைசல்கள், வினைவேகவியல், உயிர் மூலக்கூறுகள், அணைவுச் சேர்மங்களில் பெயரிடுதல், மேலே சொன்ன சோதனைப் பக்கம் ஆகியவற்றை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, நீண்ட மாற்றுத் தயாரிப்பு வினாக்களைத் துணிந்து ஒதுக்கிவிடலாம். இவ்வாறு ஒதுக்குவதற்குப் பெற்றோரின் வாய்மொழி அனுமதி வேண்டும். "எல்லாவற்றையும் படி" என்று நாம் சொல்லும்போது, அஞ்சிய பிள்ளை ஒன்றையும் ஊன்றிப் படிப்பதில்லை. "இதை விட்டுவிடு, நாங்கள் கோபிக்க மாட்டோம்" என்று தந்தை சொன்ன அன்றுதான் சில வீடுகளில் படிப்பே தொடங்குகிறது. அப்படியொரு வீட்டை நாம் அறிவோம்.

அறுபதைத் தாண்டிய பிள்ளைக்கு எதையும் விட இடமில்லை; ஆனால் படிக்கவும் அதிகமில்லை. அவள் இழப்பெல்லாம் மூன்றாம் குவியலில்தான் இருக்கும். அது படித்தால் தீராது. முழுத் தாள்களை நேரம் வைத்து எழுதினால்தான் தீரும். ஒரே பாடத்துக் கணக்குகளை இருபது போடுவதைவிட, பல பாடங்களின் வினாக்களைக் கலந்து போடுவது அவளுக்கு நல்லது. பரீட்சையில் எந்த வினாவும் "நான் இந்தப் பாடத்தைச் சேர்ந்தவன்" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

செய்முறைப் பரீட்சையின் 30 மதிப்பெண்ணைப் பற்றி இரண்டே வார்த்தை. அது எழுத்துப் பரீட்சைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. பருமனறி பகுப்பாய்வுக்கு 8, உப்புப் பகுப்பாய்வுக்கு 8, பாடத்தை ஒட்டிய சோதனைக்கு 6, திட்டப்பணிக்கு 4, பதிவேட்டுக்கும் வாய்மொழிக்கும் 4. உப்புப் பகுப்பாய்வின் வரிசையைப் புத்தகமின்றிச் சொல்லச் செய்தால் போதும். அதற்கு இரண்டு மாலைகளுக்குமேல் செலவிட வேண்டாம்.

பெற்றோர் செய்யக்கூடிய மற்றொரு உதவி உண்டு. நாம் சிறுவயதில் இரசாயனம் என்றோம். இப்போது வேதியியல் என்கிறார்கள். நம் பிள்ளைகளோ இரண்டும் அறியாமல் ஆங்கிலத்திலேயே படிக்கிறார்கள். இரவு உணவுக்குப் பின், "இன்று படித்ததில் ஒன்றை எனக்குத் தமிழில் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் தமிழில் வராது. புரிந்துகொண்டது மட்டுமே வரும். "மின்கலத்தில் எலெக்ட்ரான் எதிர்மின்வாயிலிருந்து போகிறதா, நேர்மின்வாயிலிருந்தா?" என்று தாய் அடுப்படியிலிருந்து கேட்ட கேள்விக்குப் பெண் விடை சொல்லத் தடுமாறினாள் என்றால், நாளைய திருப்புதலின் முதல் வரி கிடைத்துவிட்டது. தாய்க்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தடுமாற்றம் எல்லா மொழியிலும் காதில் விழும்.

இந்த எட்டு நாட்களை ஒரே மூச்சாக வைத்துக்கொள்ளாமல் நாற்பது நாட்களில் பரவலாக வைப்பதே நல்லது. இன்று நினைவிலிருந்து எழுதியதை மூன்று நாள் கழித்து மறுபடி எழுத வேண்டும். வந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. மூன்று முறை வந்தது இனித் திருப்ப வேண்டாத பாடம். அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அடிக்கப்பட்ட வரிகளைக் காணும்போது பிள்ளையின் முகம் தெளிவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பரீட்சைக்கு முந்திய மாலையில் புத்தகத்தைத் திறக்க விடக் கூடாது. சிவப்பு மையில் எழுதியவற்றுள் கடைசிவரை எஞ்சியவை ஒரு பக்கத்துக்குள் அடங்கும்; அந்தப் பக்கம் மட்டும். பிறகு உறக்கம். காலையில் பத்தேகால் மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். எழுதத் தொடங்குவது பத்தரை மணிக்கு. இடையிலுள்ள அந்தப் பதினைந்து நிமிடத்தை வாரியம் படிப்பதற்கென்றே தந்திருக்கிறது. சில வினாக்களில் "அல்லது" என்று இன்னொரு வினா கொடுத்திருப்பார்கள். இரண்டில் எது தனக்குக் கறுப்பு மையில் வந்தது, எது சிவப்பு மையில் நின்றது என்று பார்த்து, கறுப்பானதன் எண்ணை மனத்தில் குறித்துக்கொள்ளட்டும்.